பஞ்சாங்கம் பார்த்து வாங்கிய வாய்தாக்கள்

எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் நடந்த வழக்கு ஒரு சுவரைப் பற்றியது. சங்கரன்கோவிலில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே நின்ற மண்சுவர். அது யாருடையது என்று தீர்ப்பாகும்வரை இருவரும் அதைத் தொடக்கூடாது என்று முன்சீப் கோர்ட்டில் உத்தரவு. அதனால் ஏழு வருடம் அதற்கு ஒரு கை மண்கூடப் பூசவில்லை. வழக்குப் போட்டபோது தொட்டிலில் கிடந்த என் மகள், அந்தச் சுவரில் சாய்ந்து வாய்ப்பாடு படிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

அந்த வருடங்களை நினைத்தால் ஒரே நீண்ட மதியத் தூக்கம்போல இருக்கிறது. கோர்ட் வாசல் வேப்பமரத்தின் சலசலப்பு, எங்கோ ஓடும் விசைத்தறி, டவாலி மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடும் குரல், எல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பவைபோல. அண்ணனும் நானும் அந்த ஒரே மரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்போம்.

நீதிபதி மாறிவிட்டார், கேஸ் கட்டு கிடைக்கவில்லை என்று ஊரில் காரணம் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்டுதான். ஆனால் விசாரணை அஷ்டமியில் விழுந்தால் நான் வாய்தா கேட்பேன். கரிநாள் என்றால் அண்ணன் கேட்பார். ஆடி இருவருக்குமே ஆகாது. ஒருவர் கேட்டால் மற்றவர் ஆட்சேபிப்பதில்லை. எங்களுக்குள் மிஞ்சியிருந்த ஒற்றுமை அது ஒன்றுதான்.

"பஞ்சாங்கத்த வச்சு கேஸ் நடத்துதது நீங்க ரெண்டு பேருந்தாம்வே," என்று வக்கீல் குமாஸ்தா சிரிப்பார்.

"நல்ல காரியத்துக்கு நாள் பாக்காண்டாமா அண்ணாச்சி?"

"சொவரு நாள் பாக்குமாவே?"

கடைசியில், சுவரைப் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டார்கள். அவர் புரட்டாசியில் வருவதாகச் சொன்ன நாள் நவமி. நான் வேறு நாள் கேட்டேன். ஐப்பசிக்குத் தள்ளி வைத்தார்கள். அவருக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

மூன்று நாள் விடாத மழை. அன்று காலை மகள் வழக்கம்போலச் சுவரடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் முன்வாசலில் மழையைப் பார்த்து நின்றேன். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டது போலிருந்தது. திரும்பினால் சுவர் இல்லை. மண்மேடு, அதற்கு அப்பால் அண்ணன் வீட்டு அடுக்களை.

நான் தோண்டினேன். அந்தப் பக்கமிருந்து அண்ணன், "மக்கா, மக்கா" என்று அலறிக்கொண்டு தோண்டினார். சேற்றுக்குள் என் கையில் ஒரு கை பட்டது. பிடித்து இழுத்தேன். அது அவருடைய கை.

"யப்பா, பெரியப்பா, என்னத்தத் தேடுதிய?"

எங்கள் அடுக்களை வாசலில் மகள் காப்பித் தம்ளரோடு நின்றாள். அவள் அம்மா கூப்பிட்டு எழுந்து போனது மழையில் எனக்குக் கேட்கவில்லை.

அண்ணன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கே எழுதிக் குடுத்துருவோம்லே," என்றார்.

மறுநாள், சுவர் இருவருக்கும் பொது என்று ராஜி மனுவில் கையெழுத்திட்டோம். மத்தியானத்துக்குள் வழக்கு முடிந்தது. என்ன திதி என்று இருவரும் பார்க்கவில்லை.

புதுச் சுவர் செங்கல்லில் நிற்கிறது. ஆனாலும் மழை பெய்தால் எனக்கு அந்தக் கனவு வருகிறது. டவாலி என் மகள் பேரைக் கூப்பிடுகிறார். இரண்டாம் முறையும் கூப்பிடுகிறார். நான் எழுந்து, கை கூப்பி, வாய்தா கேட்கிறேன். மூன்றாவது குரலுக்கு முன் விழித்து, அவள் மூச்சு விடுகிறாளா என்று போய்ப் பார்க்கிறேன்.