கிளட்ச் பிளேட்டும் அப்பாவின் இடது காலும்

அப்பாவின் ஜீப் மழையில் சறுக்கிப் பாறையில் மோதியபோது உள்ளே வேறு யாரும் இல்லை. ஏலக்காய் பறிக்கப் போன பெண்களை வண்டன்மேட்டில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லி ஆறுதல் அடைந்தார்கள். அப்பாவுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஜீப்புக்குக் கியர்பாக்ஸ் உடைந்தது. என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

கால் கூடிவிடும், நாளாகும் என்றுதான் ஆசுபத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அப்பா நம்பவில்லை. கிளட்ச்சை மிதிக்கிற கால் அது. மலையில் ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கால் வேண்டும். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தலைமாட்டில் செல்போன் அடித்தால் எடுக்கமாட்டார். "வண்டிய வித்துரு" என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னார். அதற்கப்புறம் அதைக்கூடச் சொல்லவில்லை.

அம்மா விற்கவில்லை. கட்டப்பனையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்துக்குப் போய், ஒரு கியர்பாக்ஸை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாள். எங்கள் ஜீப்புக்கு உரியது கிடைக்கவில்லை. இது வேறு ஏதோ வண்டியுடையது. தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து லயத்தில் இருந்த மெக்கானிக் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நடுவில் ஓர் இரும்புத் தகடு வைத்து என்ஜினோடு இணைத்துவிடலாம், கிளட்ச்சில்தான் தகராறு என்றார்.

அந்தத் தகராறு எனக்கே புரிந்தது. கிளட்ச் பிளேட் என்பது ஒரு வட்டத் தட்டு. அதன் வெளிவட்டம் என்ஜின் பக்கத்துச் சக்கரத்தோடு ஒட்டிச் சுற்ற வேண்டும். நடுவில் பல் வெட்டிய ஓட்டை இருக்கும். அதில் கியர்பாக்ஸின் சாஃப்ட் என்கிற தண்டு நுழைய வேண்டும். எங்கள் பழைய பிளேட் என்ஜினுக்குச் சரி, ஆனால் புது சாஃப்ட்டில் ஏறவில்லை. கியர்பாக்ஸோடு வந்த பிளேட் சாஃப்ட்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது, ஆனால் என்ஜினுக்கு ஒரு விரல்கடை சின்னது.

"இது மதி அக்கா, ஓடிரும்" என்றார் மெக்கானிக் அண்ணன். போதும் என்பதை அவர் மலையாளத்தில் மதி என்றுதான் சொல்வார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "சின்ன பிளேட் போட்டா ஓடுமான்னு அப்பாட்டக் கேட்டுட்டு வா."

நான் ஓடினேன். அப்பா பேசவில்லை. திரும்பி வந்து சொன்னேன். "மறுபடி கேளு" என்றாள். நாலாவது தடவை அப்பா சுவரிடம் சொன்னார்: "சமதளத்துல ஓடும். ஏத்தத்துல எட்டுப் பேர ஏத்துனா வழுக்கும். பிளேட்டு கருகிரும்."

இதை ஒரு வார்த்தை மாறாமல் வாசலில் ஒப்பித்தேன். மெக்கானிக் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"அப்ப என்ன போடுறதுன்னு கேளு" என்றாள் அம்மா.

"வெளியளவு நம்மளோடது, நடுப்பல்லு அதோடது. அப்படி ஒரு பிளேட்டு தேடணும். பல்லு எத்தனைன்னு எண்ணச் சொல்லு" என்றார் அப்பா.

சாஃப்ட்டில் பல்லை நான்தான் எண்ணினேன். வட்டமாக இருப்பதால் எங்கே தொடங்கினோம் என்று மறந்துபோய், ஒருமுறை ஒன்பதும் ஒருமுறை பதினொன்றும் வந்தது. மெக்கானிக் அண்ணன் ஒரு பல்லில் சாக்பீஸ் தடவிக் கொடுத்தார். பத்து. சாஃப்ட் எவ்வளவு தடிமன் என்று கேட்டு அனுப்பினார் அப்பா. அம்மா சாஃப்ட்டைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அளவாக அறுத்துக் கொடுத்தாள். நூலை வாங்குவதற்கு அப்பா இந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. அதை விரல்களுக்கிடையே இழுத்துப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கம்பம் சந்தையில் காய்கறி ஏற்றுகிற ஒரு சின்ன லாரியின் பெயரைச் சொல்லி, அதன் பிளேட் இரண்டுக்கும் சேரும் என்றார். மறுநாள் அம்மா பழைய பிளேட் இரண்டையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு கம்பத்துக்கு பஸ் ஏறினாள். அப்பா சொன்னது சரியாக இருந்தது.

புது பிளேட்டை மாட்டும் நாளில் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் முதல் வேலையாக, என்ஜின் பக்கத்தில் சாஃப்ட்டின் நுனி உட்காருகிற குழியில் ஒரு சின்னப் பித்தளை வளையத்தைத் தட்டி ஏற்றினார்கள். புஷ் என்று அதற்குப் பெயர். இந்த சாஃப்ட்டின் நுனிக்கென்றே லேத்தில் கடைந்து வாங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அப்பா என்னைக் கூப்பிட்டார். யாரும் கேட்டு அனுப்பாமல் அவராகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"நுனிக்குப் புஷ் மாத்துனாங்களா? பழசே கிடந்தா சாஃப்ட் ஆடும். கேட்டுட்டு வா."

வாசலில் வந்து கேட்டேன். அம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மெக்கானிக் அண்ணனைப் பார்த்தாள். அவர் கீழே பார்த்தார்.

"மறந்தே போச்சாம்னு போய்ச் சொல்லு."

"காலைல போட்டாங்களேம்மா."

"நீ போய்ச் சொல்லு."

சொன்னேன். அப்பா கத்தின கத்தல் லயம் முழுக்கக் கேட்டிருக்கும். "ஆளாளுக்கு வண்டி வேலை பாக்குறீங்களா? என்னத் தூக்கி வெளிய உக்கார வைங்க."

நான் வாசலுக்கு வந்தபோது, மெக்கானிக் அண்ணன் புஷ்ஷின் ஓட்டையில் கிரீஸை அடைத்து, பொருத்தமான ஒரு கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். கிரீஸ் பின்னாலிருந்து தள்ள, புஷ் வெளியே வந்தது. அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்பாவைத் தூக்கப் போனார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா வெயிலில் உட்கார்ந்தார். மெக்கானிக் அண்ணன் பையிலிருந்து புஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதைச் சாஃப்ட்டின் நுனியில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். "இதப் போடாம மூடுனா ஒரு மாசத்துல கியர்பாக்ஸ் போயிரும். இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று அம்மாவைத் திட்டினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "பாப்பா, குடிக்கத் தண்ணி கொண்டா" என்றார் மெக்கானிக் அண்ணன். நான் செம்போடு வரும்போது அப்பா, "நேரா வச்சுத் தட்டு, சாயுது பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் நாற்காலி வாசலுக்கு வந்தது. அடுத்த மழைக்கு முன்னால் அப்பா அந்த ஜீப்பையே ஓட்டினார்.

அம்மாமேல் எனக்குக் கோபம் தீர நாலு நாள் ஆனது. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியதோடு, என்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டாள். கேட்டதற்கு, "வாங்குனா என்ன, தேஞ்சா போயிருவேன்?" என்றாள். மெக்கானிக் அண்ணனிடம், போட்டதை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன். "மொதல்ல அது சரியா உக்காரல பாப்பா" என்றார். சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரே வேலையை இரண்டு தடவை செய்கிற இவர்களை நம்பி எப்படி இந்த வண்டியில் ஏறுவது என்று ரொம்ப நாள் எனக்குப் பயமாக இருந்தது.