திரும்பிப் பார்க்காத அடி

எழுபத்துநாலில் கூடலூரிலிருந்து குமுளி மலைப்பாதையில் சைக்கிளில் அரிசி கடத்தியவர்களில் முரடன் சின்னக்கருப்புதான். பின்னாலிருந்து எவன் கேரியரைப் பிடித்தாலும், திரும்பிப் பார்க்காமல் காற்றடிக்கும் பம்பால் அடிப்பான். மலையில் பின்னால் பிடிப்பது போலீஸ்தானே. போன மாதம் அப்படி ஒரு போலீஸ்காரரின் முன்பல் மூன்று தெறித்தது. அடித்தவன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அவனுக்குத் தார்ரோட்டுப் பந்தயத்தில் ஓட்ட ஆசை.

"ஒன் தடிச் சக்கரம் ரோட்டுக்கு ஆகாதுடா, இத மாட்டு" என்று சைக்கிள் கடை ஞானதுரை மெல்லிய சக்கரங்களை இரவல் தந்தார். இது தாங்குமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு மாட்டினான். பம்பைக் கழற்றவில்லை. அது இல்லாமல் அவன் சைக்கிள் ஏறியதே கிடையாது.

கம்பம் ஊரில் நடந்த பந்தயத்தில் முதலாவதாக வந்தான். ஞானதுரை சந்தோஷத்தில் பின்னாலேயே ஓடிக் கேரியரைப் பிடித்தார். பம்பு பாய்ந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டில் விழுந்தவரின் விரலிடுக்கெல்லாம் ரத்தம்.

"அண்ணாச்சி, நீங்கன்னு தெரியாமப் போச்சே."

கூட்டத்தை ஒதுக்க நின்ற போலீஸ்காரர் லத்தியோடு நெருங்கினார். அவருக்கு முன்பல் மூன்று இல்லை.

"எப்படிலே தெரியும்? நீதான் திரும்பியே பாக்க மாட்டியே."