இரட்டைப் பதிவு

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவாள், பிடித்ததை நாலு பேர் முன்னால் சொல்லியும் விடுவாள். வீட்டிலோ அவள் வெறும் பாப்பா. நாற்பத்தாறு வயது, மூக்குக்கண்ணாடி, முழங்கால் வலி எல்லாம் வந்த பிறகும் அக்கா அப்படித்தான் கூப்பிட்டாள். அம்மா போனதிலிருந்து அந்த இரண்டு அறை வீட்டில் இவர்கள் இருவர்தான்.

அக்காவுக்கு மருத்துவமனையில் பதிவு கவுண்ட்டர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. நோயாளியின் பெயரைத் தட்டி ஒரு பட்டனை அழுத்தினால் டாக்டரைப் பார்க்கிற நேரம் பதிவாகும். அந்தப் பதிவுகளை வாங்கி வைத்துக்கொள்ளும் சர்வர், பாப்பாவின் கம்பெனி எழுதிக் கொடுத்தது. நாலு மாதத்துக்கு முன் அக்காவை வயதானவர்களுக்கான தனிக் கவுண்ட்டருக்கு மாற்றினார்கள். கூட்டமில்லாத ஓரம். அங்கே போனதிலிருந்து பிடித்தது சனி. சில பேருக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பதிவு விழுந்தது. அந்த இரண்டாவது நேரம் வீணாகிப்போக, வேறு யாரோ இடமில்லை என்று திரும்பிப் போனார்கள். அப்படித் திரும்பிப் போன பெரியவர் ஒருவர் மாடிப்படியிலேயே மயங்கி விழுந்தார். விஷயம் மேலே போயிற்று. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை, வேலை போனாலும் போகலாம் என்றார்கள்.

"நான் ஒரு தடவைதான்டி அழுத்துறேன்" என்று அக்கா சொல்லாத நாளில்லை.

"சிஸ்டம் தானா ரெண்டு தடவை எழுதாதுக்கா. நாங்க டெஸ்ட் பண்ணித்தானே கொடுக்கிறோம்? உன் கை நடுங்குது, உனக்கே தெரியல, அவ்வளவுதான்."

பாசமாகத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா திருப்பிக் கொடுத்திருப்பாள். பாசமாகச் சொன்னதால் நம்பிவிட்டாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுத்த ஆரம்பித்தாள். அப்படியும் இரட்டைப் பதிவு விழுந்தது.

வியாழக்கிழமை காலை அலுவலகத்தில், சர்வர் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கிற ஒரு டெஸ்ட் தோற்றுப்போய்ச் சிவப்பாக நின்றது. சர்வரோடு பேசுகிற கிளையன்ட் என்ற துணை புரோகிராமை முந்தின நாள்தான் புது வெர்ஷனுக்கு மாற்றியிருந்தார்கள். பழையதைப் போட்டால் பச்சை, புதியதைப் போட்டால் சிவப்பு.

"புதுசுல ஏதோ கோளாறு. பழைய வெர்ஷனையே போட்டுட்டு அடுத்த வேலையைப் பாரு" என்றார் மேலாளர்.

அந்த அலுவலகத்து வழக்கம் அது. புதிதாக வந்தது எதையாவது உடைத்தால், வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, 'பிறகு பார்க்கவும்' என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பார்கள். அப்படி முப்பது குறிப்புகள் இருந்தன, ஒன்றைக்கூட யாரும் பிறகு பார்த்ததில்லை. பாப்பாவும் முப்பத்தொன்றாவதை எழுதத்தான் உட்கார்ந்தாள். ஆனால் தோற்ற டெஸ்ட் ஆறு வருடத்துக்கு முன் அவளே எழுதியது. மானப் பிரச்சினையாகிவிட்டது.

டெஸ்ட் செய்வது சின்ன வேலை. சர்வரோடு இணைப்பை ஏற்படுத்தும், சரியாக அறுபது வினாடி சும்மா இருக்கும், பிறகு ஒரு பதிவை அனுப்பி 'பதிவாயிற்று' என்று பதில் வருகிறதா என்று பார்க்கும். புது கிளையன்ட், பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது என்று புகார் சொன்னது. காலை முழுக்க அவள் கிளையன்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பிடக்கூடப் போகாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, புது வெர்ஷனில் என்னென்ன மாற்றினார்கள் என்ற பட்டியலைப் படித்தாள். நடுவில் ஒரு வரி: பதில் வராமல் இணைப்பு அறுந்தால், அதே பதிவை இனி தானாக மறுபடி அனுப்பாது.

அப்படியானால் பழையது அனுப்பிக்கொண்டிருந்ததா?

பழைய கிளையன்டோடு ஒரு முறை ஓட்டிவிட்டு, சர்வரில் விழுந்த பதிவுகளை எண்ணினாள். இரண்டு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நிமிடம் சும்மா கிடக்கும் இணைப்பை சர்வர் மூடிவிடும். மூடப்போகிற அந்த வினாடியில் பதிவு வந்தால், வந்ததை எழுதிக்கொண்டு, பதில் சொல்லாமலே மூடியது. மருத்துவமனைக் கவுண்ட்டர்களிலும் ஓடிக்கொண்டிருந்த பழைய கிளையன்ட் யாரிடமும் மூச்சு விடாமல் அதையே மறுபடி அனுப்பிப் பதிலை வாங்கிவந்தது. ஊரார் தப்பையெல்லாம் தோண்டி எடுத்த பூதக்கண்ணாடி, தன் டெஸ்ட்டில் பதில் வந்ததா என்று மட்டும் கேட்டாள். எத்தனை பதிவு விழுந்தது என்று ஆறு வருடமாக எண்ணவேயில்லை.

அக்கா போன வாரம் இரட்டைப் பதிவுகளின் நேரத்தையும் ஒவ்வொன்றுக்கும் முந்தின பதிவின் நேரத்தையும் எழுதி, படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாப்பா அதைத் திறக்கவேயில்லை. இப்போது திறந்தாள். பதினொன்று. ஒவ்வொன்றும் அதற்கு முந்தின நோயாளியின் பதிவிலிருந்து சரியாக ஒரு நிமிடம் கழித்து. கூட்டமுள்ள கவுண்ட்டர்களில் இணைப்பு ஒரு நிமிடம் சும்மா கிடப்பதேயில்லை. அக்காவின் ஓரத்தில்தான் கிடந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு.

அவள் போய்ச் சொன்னதையெல்லாம் மேலாளர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "வெளியில சொன்னா எத்தனை ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்றது? சத்தமில்லாம சரி பண்ணிடலாம்."

"நாளைக்குப் பத்து மணிக்கு ஒருத்தங்களுக்கு வேலை போகப்போகுது சார்."

"யாருக்கு?"

"எங்க அக்காவுக்கு."

அவள் கதவைத் திறந்துகொண்டு தன் இடத்துக்குப் போய், தப்பு சர்வரிலும் தன் டெஸ்ட்டிலும் என்று எழுதி, கீழே தன் பெயரையும் போட்டு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டாள். இனி தன் வேலை என்ன ஆகும் என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் யோசித்தாள்.

அக்கா அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டிலில், கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பாப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"விசாரணையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேனே" என்றாள் அக்கா. "காலையில. என் கவனக்குறைவுதான், வேலையை விட்டுடறேன்னு."

"ஏன்க்கா? யார் உன்னை எழுதச் சொன்னது?"

"நீதானே சொன்னே, என் கைதான்னு. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

பாப்பா வேக வேகமாகப் பேசினாள். காலையில் தானும் கூட வருவதாக, கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று, தன் ரிப்போர்ட்டைப் பார்த்தால் மறுக்கமாட்டார்கள் என்று. அக்கா எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வலது கையை நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு வந்த மறதி எனக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சேன் பாப்பா. ஒரு தடவை அழுத்தினது நல்லா ஞாபகம் இருக்கும். ஸ்கிரீன்ல ரெண்டு இருக்கும். அப்போ என் ஞாபகம்தானே பொய்யி? உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவேன்னு நான் மட்டும் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். அடுப்பை அணைச்சேனான்னு தினமும் பாதி வழியில திரும்பி வருவேன்." அவள் நிமிர்ந்தாள். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லதானே?"

"ஒண்ணும் இல்லக்கா. சத்தியமா இல்ல."

"ஒரு தடவை திறந்து பார்த்திருக்கக் கூடாதாடி, நான் அனுப்பினதை" என்று சொல்லிவிட்டு, நாலு மாதத்தில் முதல் தடவையாக அக்கா அழுதாள்.