இரட்டை மதகில் சொன்ன வாரேன்

சவரியப்பன் இரட்டை மதகு லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடுகிற சர்க்கார் ஆள். மதுரைக்கு வடக்கே, கால்வாய் ஆளுயரம் பள்ளத்தில் இறங்குகிற இடம் அது. படகு வந்தால் மேல் மதகைத் தூக்கி உள்ளே விட வேண்டும். பிறகு அதை அடைத்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்து, கீழ் மதகைத் திறந்து அனுப்ப வேண்டும். படகு எப்போதாவது வரும். மற்ற நாளெல்லாம் வயலுக்குத் தண்ணீர் விடுவதுதான் வேலை.

அவனுக்கு ஒரே கவலை. தங்கை சகாயமேரி நிறைமாசம். அவள் புருஷன் மிக்கேலுக்கோ வேலை இல்லை. கீழ் மதகுக்கு ஒரு லஸ்கர் இடம் காலியாகக் கிடந்தது. அதை மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க, பார்த்த ஆபீசரையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு அலைந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறோ முப்பத்தேழோ, அந்த வருஷம் கான்ட்ராக்டர் வெள்ளைத்துரை சொந்தமாகப் படகு வாங்கினார். வாங்கினவர் சும்மா இருப்பாரா? மதுரைப் பெரிய மனிதர்களை ஏற்றிக்கொண்டு கால்வாயில் சவாரி கிளம்பி, இரட்டை மதகுக்கு வந்து நின்றார்.

"சுணங்காம இறக்கி விடுடா. உன் மாப்பிள்ளை விஷயத்த இன்ஜினியர்கிட்ட நான் சொல்றேன்" என்றார். சவரியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

படகு உள்ளே வந்தது. மேல் மதகை இறக்கினால் முழுசாக இறங்க மாட்டேன் என்கிறது. அடியில் ஏதோ மரக்கட்டை. மறுபடி தூக்கிச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான். யாரும் சொல்லாமலே, கூட நின்ற மிக்கேல் வேட்டியை வரிந்துகட்டிக் குதித்தான். வேலை அவனுக்குத்தானே.

ஒரு முழுக்குப் போட்டு எழுந்தான். "அசையுது மச்சான். இன்னொரு இழுப்புதான்."

"என்னடா, பொழுதன்னைக்கும் இங்கனயே கிடக்கவா?" என்று படகிலிருந்து வெள்ளைத்துரை கத்தினார்.

"இந்தா ஆச்சு எசமான்" என்று சவரியப்பன் படகுப் பக்கம் திரும்பினான். அப்போது முதுகுக்குப் பின்னால் மிக்கேல், "வாரேன் மச்சான்" என்றான்.

நம் பக்கத்தில் கிளம்புகிறவன் எவன் போறேன் என்று சொல்கிறான்? நல்ல நாளிலேயே சொல்ல மாட்டான், தண்ணீருக்குள் முங்கப் போகிறவன் சொல்வானா? மறுபடி முங்கப் போவதைத்தான் அந்தப் பாவி வாரேன் என்றான். கரையேறி வருகிறான் என்று இந்தப் பாவி எடுத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லையே! கொக்கியைத் தட்டிவிட்டான். இரும்பு மதகு தடாலென்று விழுந்து, ஒரு சாண் மிச்சத்தில் நின்றது.

"மாப்ள, கட்டை இன்னும் கெடக்குய்யா" என்றான் சவரியப்பன். திரும்பிப் பார்த்தால் கரையில் மிக்கேலைக் காணோம்.

மதகைத் தூக்கி மிக்கேலைக் கரையில் போட்டபோது உயிர் இல்லை. சகாயமேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து தலைமாட்டில் விழுந்தாள். படகில் ஒருவர் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று முனகினார். படகோ இரண்டு மதகுக்கும் நடுவில் நிற்கிறது. சவரியப்பன்தான் எழுந்து போனான். மேல் மதகை அடைத்தான், இந்தத் தடவை அது முழுசாக இறங்கியது. தண்ணீரை வடித்தான், கீழ் மதகைத் திறந்தான். அவனை விட்டால் அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

படகு வெளியேறும்போது வெள்ளைத்துரை இரக்கப்பட்டார். நிஜமாகவே இரக்கப்பட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நான் சொன்னாச் சொன்னதுதான். அந்த வேலைக்கு உன் வீட்ல வேற ஆளு இருந்தாச் சொல்லு."

சகாயமேரி அழுகையை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"என் மூத்த மகன் லூர்து இருக்கான் எசமான்" என்றான் சவரியப்பன்.