நெவில் பச்சைக் கவுன் உடுத்திய சனிக்கிழமை

மார்ஷ்கேட்டில் நவம்பர் வந்துவிட்டால் கடல் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மூடுபனி கரையேறி வந்து கடைத்தெரு முழுக்க உட்கார்ந்துகொள்ளும். எதிரே நிற்பது ஆளா, தபால் பெட்டியா என்பது பக்கத்தில் போனால்தான் தெரியும். அப்படிப்பட்ட நாட்களில்தான் நெவில் என்ட்விசிலுக்கு மனசு லேசாகும். யாரும் யாரையும் சரியாகப் பார்க்க முடியாத ஊரில் நடப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

தொழில், வீடுகளில் கம்பளம் விரிப்பது. ஊரில் பாதி வீடுகளின் தரையை அவர் மண்டியிட்டுப் பார்த்திருக்கிறார். முட்டி இரண்டும் தேய்ந்ததுதான் மிச்சம். வேலை செய்யும் வீட்டில் டீ கொடுத்தால் குடிப்பார். பிஸ்கட் தட்டை நீட்டினால் ஒன்றே ஒன்று எடுப்பார். பேச்சு அதற்கும் குறைவு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்து திரும்பி வந்த அக்கா பாலினோடு, அப்பா அம்மா விட்டுப்போன வீட்டிலேயே இருந்தார். கிறிஸ்துமஸ் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தால், இப்படி ஒருவர் இருப்பதே ஊருக்கு மறந்துபோயிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு ஊர் நாடகக் குழு சமூகக் கூடத்தில் ஒரு கூத்துப் போடும். கதை எதுவானாலும் அதில் தடித்த சமையற்காரி ஒருத்தி கட்டாயம் வருவாள். அவள் வேஷத்தை ஓர் ஆண்பிள்ளைதான் போட வேண்டும், அப்படித்தான் வழக்கம். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த வேஷம் நெவிலுடையது. கன்னத்தில் தக்காளி அளவுக்குச் சிவப்பு, நெஞ்சில் இரண்டு பலூன், இடுப்பைச் சுற்றித் தலையணை. அவர் மேடையில் கால் வைத்ததுமே கூடம் குலுங்கும். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "இந்த ஊர்லயே பெரிய அழகி நான்தான்!" என்பார். ஊரே ஒரே குரலில், "இல்லவே இல்ல!" என்று கத்தும். "ஆமா, நான்தான்!" என்று இவர் கீச்சிடுவார். "இல்லவே இல்ல!" இப்படியே தொண்டை கட்டும்வரை நடக்கும். மீன் வறுவல் கடை கிளிஃப் முன்வரிசையில் உட்கார்ந்து இந்தக் கத்தலுக்குத் தலைமை தாங்குவார். எந்த இடத்தில் கத்த வேண்டும் என்பது மார்ஷ்கேட்டில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.

ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. பதினாலு வயதில், வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், நெவில் அம்மாவின் பச்சைக் கவுனை எடுத்துப் போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த உருவத்தைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அது அழகாக இருந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பது போல அவரையே பார்த்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, கழற்றி, மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் கவுன் போட அவருக்கு ஒரே வழி, ஊரைச் சிரிக்க வைப்பது. சிரிக்க வைத்தால் போட்டுக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பாவம் மனுஷன், அந்தப் பலூன்களுக்குப் பின்னால் அத்தனை வருஷம் ஒளிந்திருந்தார். கைதட்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அழுகை வரும், ஏனென்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் குழுவுக்குப் புதிய இயக்குநராக வந்தவள் பிரையனி. பகலில் பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருப்பாள். வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவர்களோடு பேசிப் பழகியதாலோ என்னவோ, பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கமே அவளிடம் கிடையாது. கிறிஸ்துமஸ் கூத்துக்கு முன்னால் ஓர் இசை நாடகம் போட்டே தீருவது என்று நின்றாள். நாடகத்தின் பெயர் 'துறைமுகத்து எஸ்டெல்'. பகலில் கப்பலுக்குக் கயிறு கட்டும் ஒருவன் இருட்டியதும் பெண்ணாக அலங்கரித்துக்கொண்டு, எஸ்டெல் என்ற பெயரில் மதுக்கடையில் பாடுகிறான். கயிறு கட்டுகிற ஆளும் எஸ்டெல்லும் ஒருவர்தான் என்று அவன் தனக்குத்தானே ஒப்புக்கொள்வதுதான் கதை.

"எஸ்டெல் நீங்கதான், நெவில். வேற யாரையும் யோசிக்கக்கூட இல்ல," என்றாள் பிரையனி.

"சரிம்மா. எங்கெங்க சிரிக்க வெக்கணும்னு குறிச்சுக் குடுத்துடு."

"எங்கயும் இல்ல. இவ அழகா வந்து நிப்பா, அழகாப் பாடுவா. யாரும் சிரிக்கக் கூடாது."

நெவில் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். அந்த வயதில் ஒருவருக்கு அப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "சரி" என்று வந்தது.

ஒத்திகை நாட்கள் கனவில் நடப்பது போலப் போயின. கம்பளத்தை ஆணியடித்து மூலை மடிக்கும்போதும் உதட்டுக்குள் எஸ்டெல்லின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சாயங்காலம் கூடத்துக்குப் போய்க் குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டிக்கொள்வார். வாழ்நாளெல்லாம் மண்டியிட்டவருக்கு உலகம் அவ்வளவு உயரத்திலிருந்து புதிதாகத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே பியானோ. முட்டி வலித்தது. அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பாட்டும் பேச்சும் நின்றுபோகும். நாடகத்தின் கடைசி வசனத்தை அரங்கேற்றத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் நாடகம் விளங்காது என்பது நாடகக்காரர்களின் பழைய நம்பிக்கை. மார்ஷ்கேட் குழு கடவுளைக்கூடச் சந்தேகிக்கும், இதைச் சந்தேகிக்காது. அந்த இடம் வந்ததும் நெவில் கையை விரித்து, "தன்னன்னா" என்று இழுத்துவிட்டு நிறுத்துவார். எல்லோரும் கலைந்து போவார்கள். படித்துத் தெரிந்த வசனம்தான். ஆனால் நெவிலின் குரலில், அந்தக் கூடத்தில், ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

ஒருநாள் கிளிஃப் கடையில் மீனும் உருளை வறுவலும் வாங்க நின்றார். கிளிஃப் பொட்டலத்தில் வினிகரைத் தெளித்துக்கொண்டே கேட்டார். "என்ன நெவில், இந்தத் தடவ முன்னாடியே வேஷம் கட்டுறியாமே? பலூன் என்ன சைசு?"

"பலூன் இல்ல கிளிஃப்."

"பலூன் இல்லியா? அப்ப நாங்க எதைப் பாக்க வர்றது, உன் மூஞ்சியவா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நெவிலும் சிரித்தார். கிளிஃப் கெட்டவர் இல்லை. நெவிலைக் கண்டால் சிரிப்பது அவருக்குக் கையில் ஊறிய எண்ணெய் வாசனை மாதிரி. அதுதான் நெவிலைப் பயமுறுத்தியது. ஒரே ஒரு தடவை, கவுனோடு ஊர் முன்னால் நிற்கும்போது யாரும் சிரிக்காமல் பார்க்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். அது நடக்காவிட்டால் இனி எந்தக் கிறிஸ்துமஸிலும் மேடை ஏறப் போவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

அவருடைய உடைகளைத் தைப்பது எப்போதும் பாலின்தான். பழக்க தோஷத்தில் ஒரு பூப்போட்ட திரைச்சீலைத் துணியை விரித்து வெட்ட ஆரம்பித்திருந்தார்.

"அக்கா, இந்தத் தடவ தலகாணி வேண்டாம்," என்றார் நெவில், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப எப்படிடா நிக்கும்?"

"என் உடம்புக்குத் தெச்சாப் போதும்."

பாலின் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு அளவுநாடாவை எடுத்தார். இத்தனை வருஷம் தைத்தும் தம்பிக்கு அவர் அளவெடுத்ததே இல்லை. அந்தக் கூடாரங்களுக்கு அளவு எதற்கு? தோள், மார்பு, இடுப்பு என்று நிதானமாக அளந்தார். "கூனாம நில்லுடா," என்றார் ஒரு தடவை. அடுத்த நாள் பேருந்தேறிப் பக்கத்து ஊருக்குப் போய்த் துணி வாங்கி வந்தார். நெவில் நிறம் எதுவும் சொல்லவில்லை. பொட்டலத்தைப் பிரித்தால் பச்சை. ஏன் பச்சை என்று கேட்க நெவிலுக்குத் தைரியம் வரவில்லை.

அரங்கேற்றம் சனிக்கிழமை மத்தியானம். பனி அவ்வளவு கனமாக இருந்ததால் சனங்கள் கதவைத் திறந்தபோதெல்லாம் அதுவும் கூடவே உள்ளே வந்தது. கூடம் நிறைந்தது. கிளிஃப் வழக்கமான இடத்தில். பாலின் மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு.

நெவில் மேடைக்கு வந்தார். சிரிப்பு வெடித்தது. யாரும் யோசித்துச் சிரிக்கவில்லை. நெவில், கவுன், சிரி, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அவருக்குக் காது அடைத்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. பியானோ தொடங்கிவிட்டதால் பாடினார்.

இரண்டாவது பாட்டில் சிரிப்பு அங்கங்கே மட்டும் கேட்டது. அதற்கடுத்ததில் இருமல்கூட இல்லை. விளக்கொளியில் பச்சைத் துணி தண்ணீர் போல அசைந்தது. நெவில் எதையும் யோசிக்கவில்லை. பதினாலு வயதின் அந்த மத்தியானக் கண்ணாடிக்கு உள்ளே போய் நின்றுகொண்டு வெளியே பார்ப்பது போல இருந்தது. அங்கே நல்ல அமைதி. முன்வரிசையில் கிளிஃப் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது தெரிந்தது.

கடைசிப் பாட்டு முடிந்தது. மேடையில் எஸ்டெல் மட்டும். கையை விரித்து, யாரும் இதுவரை கேட்காத வசனத்தை நெவில் சொன்னார்.

"யார் என்ன பேர் வெச்சுக் கூப்பிட்டாலும் சரி. இதுதான் நான்!"

"இல்லவே இல்ல!" என்று கத்தினார் கிளிஃப்.

கூடமே சேர்ந்து கத்தியது. "இல்லவே இல்ல!"

திரைக்குப் பின்னால் பிரையனி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். ஒத்திகையில் ஒரே ஒரு தடவை அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அங்கே நாற்காலி அடுக்குகிறவர்கூட, இதற்கு ஊர் கத்திவிடும் என்று எச்சரித்திருப்பார். கத்தியவர்களுக்கும் உடனே உறைத்துவிட்டது. கிளிஃப் கண் நிறையத் தண்ணீரோடு, திறந்த வாயை மூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

நெவிலின் கை தானாக இடுப்புக்குப் போனது. இனி ஒரு கீச்சுக் குரல் போதும். "ஆமா, நான்தான்!" என்றால் கூடம் விழுந்து விழுந்து சிரிக்கும், எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம், அவரும்தான். ஆனால் கை பட்ட இடத்தில் தலையணை இல்லை. அவருடைய இடுப்புதான் இருந்தது. கையைக் கீழே இறக்கினார். வீட்டுக்காரர்களிடம் அறையின் அகலம் சொல்லும்போது வருமே, அந்தச் சாதாரணக் குரலில் சொன்னார்:

"ஆமா. இதுதான் நான்."

பின்வரிசையில் யாரோ "இல்ல..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டார். அப்புறம் சத்தமே இல்லை. அந்த அமைதியில் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. எந்தக் கூத்திலும் வாய் திறந்து கத்தியறியாத பாலின் எழுந்து நின்றார்.

"ஆமா! அதுதான் அவன்!"

குரல் உடைந்தாலும் உட்காரவில்லை. கிளிஃப் திரும்பி அவரைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், தானும் எழுந்தார். "ஆமா!" என்றார். அதற்கப்புறம் யார் யார் சேர்ந்துகொண்டார்கள் என்று நெவிலுக்குத் தெரியாது. விளக்கும் கண்ணீரும் சேர்ந்து எல்லாவற்றையும் பனியாக்கிவிட்டன. யாரும் சிரிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் கிளிஃப் நின்றிருந்தார். "நாக்கு பழக்கம்டா நெவில். மன்னிச்சுக்க," என்றார். நெவில் அவர் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். உடை மாற்ற மனசு வராமல் கவுனுக்கு மேலேயே மழைக்கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். நாலு மணிக்கே வெளிச்சம் மங்கியிருந்தது. பாலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அம்மா கவுன விட இது உனக்கு இடுப்புல நல்லா நிக்குது," என்றார் பாலின்.

நெவில் நின்றுவிட்டார். "நீ பாத்தியா?"

"அன்னிக்கு பஸ்ஸ விட்டுட்டுத் திரும்பி வந்தேன். மாடிப்படில நின்னு பாத்தேன்."

"அப்ப ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"அவ்ளோ அழகா இருந்தடா. நான் பேசினா கழட்டிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

எதிரே கடைத்தெருவின் விளக்குகள் பனிக்குள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நெவில் மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழற்றி, கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். பிறகு இருவரும் கடைகளின் வெளிச்சத்துக்குள் நடந்தார்கள்.