மச்சானின் தடித்த வயர்

சிங்கப்பூர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் துரு தட்டும் வேலைக்குப் போய் அப்போது பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. இரும்புத் தொட்டிக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கத் தட்டினால், வெளியே வந்த பிறகும் காதுக்குள் ஒரு ரீங்காரம் நிற்காது. கம்பெனியில் காது சோதனைக்குக் கூப்பிட்டபோது இரண்டு தடவை சாக்குச் சொல்லித் தப்பித்தேன். காது போய்விட்டது என்று எழுதிவிட்டால், தொடக்கப்பள்ளியோடு நின்ற எனக்கு வேறு என்ன வேலை கொடுப்பார்கள்?

அந்தப் பயத்தைப் பெரிதாக்கியது ஒரு வயர். என் மனைவியின் அண்ணன் புக்கிட் பாத்தோக் வீட்டில் பெரிய ஸ்டீரியோ செட் வைத்திருந்தார். எண்பதுகளின் கடைசியில், ஆம்பிளிஃபயருக்குக் கரண்ட் போகிற வயரை மட்டும் புதிதாக வாங்கினார். தோட்டத்துக் குழாய் தடிமன். ஞாயிறு பூசை முடிந்து, மாதா கோயில் பாட்டுக்குழு நண்பர்கள் இருவரும் நானும் மனைவியும் அதைக் கேட்கப் போனோம்.

பழைய வயரில் ஒரு பாட்டு, புது வயரில் அதே பாட்டு.

“வயலின் தனியா வந்து நிக்குது பாத்தீங்களா?” என்றார் மச்சான். நண்பர்கள் இருவரும் ஆமாம் என்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

“மாப்ளைக்கு எப்படி?”

“ரொம்ப நல்லா இருக்கு மச்சான்” என்றேன். எல்லோருக்கும் கேட்பது எனக்கு மட்டும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அதே நினைப்பு.

அடுத்த ஞாயிறும் அங்கேதான் கூடினோம். நண்பர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்திருந்தது. “போன வாரம் வயரைப் பாத்துட்டுத்தானே சொன்னோம். இன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கேப்போம்.”

“கண்ணைக் கட்டினாலும் சொல்வேன் லா!” என்றார் மச்சான். “மாப்ளே, நீங்க அலமாரிக்குப் பின்னால போய் மாத்துங்க. ஒல்லியாவும் இருக்கீங்க, வாயையும் திறக்க மாட்டீங்க.”

பழைய வயரில் பாட்டு முடிந்ததும் அதைக் கழற்றினேன். தடித்த வயர் வளையவே இல்லை. போன வாரம் மச்சான் அலமாரியை முன்னால் இழுத்து மாட்டினார்; இன்று சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு முழம் இடம்தான். எப்படித் திருப்பினாலும் முனை ஓட்டையில் உட்காரவில்லை. சட்டை நனைந்துவிட்டது.

“ஆச்சா மாப்ளே?”

முடியவில்லை என்று சொல்லக் கூச்சம். பழைய வயரையே திரும்பச் சொருகி, “ஆச்சு” என்றேன்.

பாட்டு ஓடியது.

“இது புது வயர்! பேஸ் அடிவயித்துல இறங்குது!” மச்சானின் குரல்.

“ஒத்துக்கிறேன்பா” என்றார் சந்தேகப்பட்டவர். “முதல்ல கேட்டது தூசி படிஞ்ச மாதிரி இருந்துச்சு.”

தடித்த வயர் என் மடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இந்தத் தடவையும் வித்தியாசம் கேட்கவில்லை. கேட்க எதுவும் இல்லை! ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை.

“என்ன மாப்ளே, அங்க என்ன சிரிப்பு?”

வயரைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றேன். “மச்சான், இது உள்ள போகலை.”

“அப்போ நாங்க கேட்டது?”

“பழசுதான்.”

சமையலறையிலிருந்து மச்சானின் மனைவிதான் முதலில் சிரித்தார். “அதை இங்க கொடுங்க தம்பி, துணி காயப் போடறேன்.”

மச்சான் விடவில்லை. “வயர் பக்கத்துல இருந்துச்சுல்ல, அதோட எஃபெக்ட்!” என்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் மனைவியிடம் காதைப் பற்றிய பயத்தை முதல்தடவையாகச் சொன்னேன். “இதைச் சொல்ல ஒரு வயர் வரணுமா, முன்னாடியே என்கிட்ட சொல்லக் கூடாதா?” என்று கோபித்துக்கொண்டாள். மறுநாள் காலை நானே ஃபோர்மேனிடம் போய் சோதனைக்குப் பெயர் கொடுத்தேன். இடது காதில் மெல்லிய ஒலிகள் கேட்பது கொஞ்சம் குறைந்திருந்தது. காதுமூடி போட்டுக்கொண்டு அதே வேலையைச் செய்யலாம் என்றார்கள்.