கருப்பு வாளி

அருப்புக்கோட்டையில் பழைய பிளாஸ்டிக் வாங்குகிற கடைக்காரர் அவர். எதை எடுத்தாலும் நகத்தால் சுண்டி, என்ன ரகம் என்று காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, நிறம் பார்த்துச் சாக்கில் போடுவார். அந்தக் கால பிளாஸ்டிக் செஸ் காய்களைச் சேர்ப்பவன் நான். செட்டு வந்தால் எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன்.

போனபோது, துடைத்த வெள்ளைக் காய்கள் பதினாறை நீட்டினார்.

"கருப்பு எங்கண்ணே?"

"அது நேத்தே வாளிக் கம்பெனிக்கு உருக்கப் போற லோடுல ஏறிருச்சே. ஒரே கலரா இருந்தாத்தான செட்டு? கலந்து குடுத்தா எவன் வாங்குவான்?"

"ரெண்டும் இருந்தாத்தான்ணே ஆட முடியும்!" என்று கத்தினேன்.

"ஏன் கத்துறீக? ஒங்களுக்குன்னுதான பிரிச்சு வச்சேன்!"

வெள்ளை ராஜாவில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கருப்பு வாளி எதைக் கண்டாலும், அந்தக் கருப்பு ராஜா இதில்தான் உருகிக் கிடக்கிறாரோ என்று பற்றிக்கொண்டு வருகிறது.